பன்னீர் திராட்சையும் அதன் மதுவும்



பாலிகஞ்சில் நான் குடியிருக்கும் வீட்டிலிருந்து கரியாஹாட் சந்தை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மாசி பிறந்துவிட்டால் அங்கே பழக்கடைதோறும் கருந்திராட்சை குவிந்து கிடக்கும். நாசிக், சாங்லி வட்டாரங்களிலிருந்து வருபவை அவை. நீண்ட பழங்கள், விதையற்றவை, பல்லில் பட்டதும் நறுக்கென்று உடைபவை. குறை சொல்ல இடமில்லாத பழம். ஆயினும் என் தாயார் ஒவ்வோர் ஆண்டும் அதில் ஒன்றைக் கையிலெடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவார். "வாசமே இல்லையே, இதைப் போய்த் திராட்சை என்கிறானே!" என்பார். கொல்கத்தாவில் பிறந்து வளர்ந்த என் மகளுக்கு இந்தக் குறை விளங்குவதில்லை. திராட்சைக்கு வாசம் உண்டு என்பதையே அவள் அறியாள்.

என் தாயார் கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர். அவர் மனத்தில் திராட்சை என்றால் பன்னீர் திராட்சைதான். உருண்டையான, நீலங்கலந்த கருநிறப் பழம், மேலே சாம்பல் பூத்தாற்போல் ஒரு பொடி, உள்ளே விதை, தோல் சற்றே மெல்லியது. கூடையைத் திறந்தால் அறை முழுவதும் மணக்கும். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இந்தப் பழத்தையும், இதிலிருந்து வடிக்கப்படும் சிவந்த மதுவையும் பற்றியே. மதுவைப் பற்றி வானொலியில் பேசுவானேன் என்று சிலர் புருவம் நெரிக்கலாம். நானும் மதுவாடை அறியாத வீட்டில் வளர்ந்தவனே. ஆனால் இங்கே பேச்சு குடியைப் பற்றியதன்று. ஒரு கொடியின் பிழைப்பைப் பற்றியது.

மொழிபெயர்ப்பு என் தொழில். மத்திய அரசு அலுவலகமொன்றில் இருபது ஆண்டுகளாக ஒரு மொழியின் சொல்லை இன்னொரு மொழியில் உட்கார வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சொல்லுக்கு இரண்டு மொழிகள் ஒத்துப்போவதே அரிது என்பது என் அனுபவம். ஆகவேதான் இப்பழத்தின் பெயர் எனக்கு வியப்பளித்தது. தமிழில் இது பன்னீர் திராட்சை. பன்னீர் என்பது ரோஜா இதழிலிருந்து வடித்த நீர் அன்றோ? வடநாட்டு வாணிகத்தில் இதே இனத்துக்குக் 'குலாபி' என்று பெயர், அதுவும் ரோஜாவே. சீனத்தில் இதை 'மெய்குய் சியாங்' என்கிறார்கள். அதன் பொருளும் ரோஜா மணம் என்பதே. கம்பத்து உழவரும் சீனத்து உழவரும் கலந்து பேசி வைத்த பெயரா இது? இல்லை, அவரவர் மூக்கு சொன்ன பெயர். மூக்கு பொய் சொல்லவில்லை என்பதை ரசாயன நூலும் ஒப்புகிறது. ரோஜா எண்ணெயில் மணம் தருகின்ற ஜெரானியால், நெரால் என்னும் பொருள்கள் இத்திராட்சையிலும் இருக்கின்றன.

மேனாட்டார் மட்டும் இதற்கு ஓர் ஊரின் பெயரைச் சூட்டினார்கள். 'மஸ்கட் ஹாம்பர்க்' என்பது நூல்களில் காணும் பெயர். மஸ்கட் என்பது கஸ்தூரி மணத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது என்பர். ஹாம்பர்க் ஜெர்மனியின் துறைமுக நகரம். ஆனால் இக்கொடி பிறந்தது அங்கன்று. இங்கிலாந்தில், கண்ணாடி வேய்ந்த ஒரு தோட்டத்தில். பெட்போர்ட்ஷயரில் ரெஸ்ட் பார்க் என்னும் மாளிகையில் தோட்டக்காரராக இருந்த சீவர்ட் ஸ்நோ என்பவர், 'பிளாக் ஹாம்பர்க்' என்ற கருந்திராட்சையின் பூவில் 'மஸ்கட் ஆப் அலெக்சாந்திரியா' என்ற வெண்திராட்சையின் மகரந்தத்தைச் சேர்த்து இதை உண்டாக்கினார். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், 1850-ஐ ஒட்டி நிகழ்ந்தது இது. இந்தப் பெற்றோர்களை அண்மைக் காலத்து மரபணு ஆராய்ச்சியும் உறுதி செய்துள்ளது. தாய்க் கொடியாகிய பிளாக் ஹாம்பர்க்கின் கிளையொன்றை இன்றும் லண்டனுக்கு அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் காணலாம். 18-ஆம் நூற்றாண்டில் நட்ட ஒற்றைக் கொடி, இன்றளவும் காய்த்துக்கொண்டிருக்கிறது.

இங்கே ஒரு சிறு சிக்கல். மதுரை, சேலம் வட்டாரங்களுக்குக் கிறிஸ்தவப் பாதிரிமார் 1832-ஆம் ஆண்டையொட்டித் திராட்சையைக் கொண்டுவந்தார்கள் என்று விவசாய நூல்கள் கூறுகின்றன. பன்னீர் திராட்சையையும் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் அதே 1832-இல் கொண்டுவந்தார் என்று பலரும் எழுதுகிறார்கள். பிறக்காத பிள்ளை எப்படிக் கப்பலேறும்? முதலில் வந்தது வேறொரு திராட்சையாக இருந்து, பன்னீர் திராட்சை பின்னால் வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆண்டைக் குறிப்பவர்கள் பழத்தையும் சற்று முகர்ந்து பார்த்திருக்கலாம்.

எப்போது வந்தாலும், வந்த இடம் வாய்த்த இடம். மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை, நடுவே கம்பம் பள்ளத்தாக்கு. மேற்கு நோக்கி ஓடிய பெரியாற்றின் நீரை 1895-இல் பென்னி குவிக்கின் அணை தடுத்து, மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பியது. சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர், ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி என்று ஊருக்கு ஊர் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துப் பந்தல் போட்டிருக்கிறார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் பச்சைக் கூரையிலிருந்து கருங்குலைகள் தலைக்கு நேரே தொங்கும். தமிழ்நாட்டுப் பன்னீர் திராட்சையில் 85 விழுக்காடு அளவுக்கு இங்கேதான் விளைகிறது என்று கணக்கிடுகிறார்கள்.

ஐரோப்பாவில் திராட்சைக்கொடி குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும், வசந்தத்தில் விழிக்கும், ஆண்டுக்கு ஒருமுறை காய்க்கும். கம்பத்தில் கொடி உறங்குவதற்குக் குளிர் ஏது? அங்கே குளிர்காலத்தின் வேலையைக் கத்தரி செய்கிறது. உழவர் கவாத்து செய்த நாளே கொடிக்கு வசந்தம். கவாத்து செய்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் குலை அறுப்புக்கு வரும். இரண்டாண்டில் ஐந்து வெள்ளாமை எடுப்பாரும் உண்டு. ஒரு தோட்டத்தில் அறுப்பு, அடுத்த தோட்டத்தில் பூ, அதற்கடுத்ததில் கவாத்து என்று ஆண்டு முழுவதும் எங்காவது பழம் இருந்துகொண்டே இருக்கும். 14-ஆம் நூற்றாண்டில் தௌலதாபாத்தைக் கண்ட இபன் பதூதா, அங்கே ஆண்டுக்கு இருமுறை திராட்சை பழுப்பதை அதிசயமாகக் குறித்து வைத்தார். அவர் கம்பத்தைக் கண்டிருந்தால் என்ன எழுதியிருப்பாரோ! 2023-ஆம் ஆண்டில் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

குறியீடு கிடைத்துவிட்டதே, குறை என்ன என்று கேட்பீர்கள். என் தாய்மாமன் அந்தக் கேள்விக்குச் சிரிப்பார். அவருக்கு ஓர் ஏக்கர் பந்தல். பன்னீர் திராட்சைக்கு மூன்று பகை என்பார். முதற்பகை மழை; பழுக்கும் நேரத்தில் இரண்டு நாள் விடாமல் பெய்தால் பழம் வெடித்துவிடும், செவட்டை நோயும் உடன் வந்துவிடும். இரண்டாம் பகை தூரம். தோல் மெல்லியது, காம்பின் பிடிப்பும் குறைவு. ஆகவே கேரளம், சென்னை தாண்டி அது போவதே அபூர்வம். மூன்றாம் பகை விதை; "இன்றைய பிள்ளைகளுக்கு விதையைத் துப்பச் சோம்பல், மாப்பிள்ளை" என்று என்னைப் பார்த்துச் சொல்வார், ஏதோ நானே அதற்குப் பொறுப்பு என்பதுபோல. 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது சந்தை அடைபட்டு, அந்தப் பள்ளத்தாக்கில் பழம் கொடியிலேயே வாடியது. அன்று முதல் பந்தலைப் பிரித்துவிட்டு வேறு ஏதேனும் வைக்கலாமா என்ற யோசனை அவருக்கு ஓய்ந்தபாடில்லை.

மதுவின் பேச்சு இந்த இடத்தில்தான் வருகிறது. உண்ணுதற்கு உகந்த பழத்தை உண்ணலாம். உதிர்ந்ததை, வெடித்ததை, வண்டி ஏற முடியாததை என்ன செய்வது? திராட்சை விளையும் நாடுகளெல்லாம் இந்தக் கேள்விக்கு ஆயிரமாயிரம் ஆண்டுகளாகத் தந்துவரும் விடை பீப்பாய். உதிர்ந்த பழத்தை உடனே பிழிந்துவிட்டால் அது வீணாவதில்லை.

பிழிந்த சாற்றில் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று சாராயமாக்குகிறது. லிட்டருக்கு ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை செலவானால் நூற்றுக்கு ஒரு பங்கு சாராயம் சேரும். ஆகவே நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு வேண்டுமாயின் லிட்டருக்கு 200 கிராமுக்குச் சற்று மேல் சர்க்கரை வேண்டும். மழைக்கு அஞ்சி முன்கூட்டிப் பறித்த பழத்தில் அவ்வளவு ஏறியிராது. குறையைச் சர்க்கரை போட்டுத்தான் நிரப்ப வேண்டும். நிறத்தின் கதை வேறு. திராட்சையின் கருமை தோலில் இருக்கிறதேயன்றிச் சதையில் இல்லை. கரும்பழத்தை உடனே பிழிந்து தோலை நீக்கினால் வெண்மதுவே கிடைக்கும். தோலோடு ஊறவிட்டால்தான் செம்மது.

பன்னீர் திராட்சையின் செம்மது, உண்மையைச் சொன்னால், உயர்ந்த செம்மதுக்களின் வரிசையில் வைத்து எண்ணப்படுவதன்று. தோலில் சாயமும் துவர்ப்பும் குறைவு. ஆகையால் நிறம் ஆழ்ந்திராது, ஆண்டுக்கணக்கில் வைத்துப் பழமையாக்கவும் தாங்காது. சர்க்கரை முழுவதையும் புளிக்கவிட்டால் மெல்லிய கசப்பும் தட்டும். அதன் பெருமையெல்லாம் மணத்தில்தான். அதை வெப்பம் ஓட்டிவிடும் என்பதால் குளிர்ந்த தொட்டியில் மெதுவாகப் புளிக்கவைத்து, இனிப்பு சற்றே எஞ்சியிருக்கும்போது நிறுத்தி, இளமையிலேயே பருகிவிடுவதுதான் இதற்கு ஏற்ற முறை. கலிபோர்னியாவில் இதை 'பிளாக் மஸ்கட்' என்று அழைத்து, உணவுக்குப் பின் சிறு கிண்ணத்தில் அருந்தும் தித்திப்பு மதுவாகச் செய்கிறார்கள். கிரேக்கத்தில் திர்னவோஸ் என்னும் ஊரார் இதிலிருந்து மது செய்வதோடு 'சிபூரோ' என்னும் சாராயமும் வடிக்கிறார்கள். பிரான்சில் வாந்து மலைச்சாரல் உழவர்களோ இதை உண்ணும் பழமாகவே போற்றி, 1997-இல் அதற்கு ஊர்ப்பெயர் உரிமை பெற்றார்கள். நம் கம்பத்துக்குக் கிடைத்த குறியீட்டுக்கு அண்ணன் முறை என்று அதைச் சொல்லலாம்.

இவ்வினத்தை மதுவுக்கென்று பெரிய அளவில் கையாண்ட நாடு சீனம். பினாங்கில் பெரும் பொருள் ஈட்டிய சாங் பிஷி என்ற சீன வணிகர், 1892-ஆம் ஆண்டில் யந்தாய் துறைமுகத்தில் 'சாங்யூ' மது ஆலையை நிறுவி ஐரோப்பாவிலிருந்து கொடிகளை வரவழைத்தார். அவற்றுள் மஸ்கட் ஹாம்பர்க்கும் ஒன்று என்பர். பினாங்கு சென்ற தமிழர்கள் ஜார்ஜ் டவுனில் அவர் கட்டிய நீலநிற மாளிகையைப் பார்த்திருப்பார்கள். பின்னர் 1980-இல் தியான்ஜின் நகரில் ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் கூட்டோடு தொடங்கிய 'டைனஸ்டி' ஆலை, இந்தக் கரும்பழத்திலிருந்து வெண்மது செய்தே பெயரெடுத்தது. சாயம் குறைந்த பழத்தைச் செம்மதுவாக்கித் திண்டாடுவானேன் என்று எண்ணினார்கள் போலும்!

தமிழருக்குத் திராட்சை மது புதியதன்று. யவனர் கப்பலில் கொண்டுவந்த மணமிக்க தேறலை நக்கீரர் புறநானூற்றில் குறிப்பிடுகிறார். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் அகழ்ந்தபோது, அத்தகைய மது வந்த மத்தியதரைக் கடல்நாட்டு ஜாடிகளின் சில்லுகள் கிடைத்தன. ஆனால் அது வாங்கிக் குடித்த மது, நாமே வடித்ததன்று. பிற்காலத்தில் 'திராட்சரசம்' என்ற சொல் வேதாகமத்தின் வழியே வழக்கில் வேரூன்றியது. மொழிபெயர்ப்பாளனுக்கு அது ஒரு சங்கடமான சொல். பழச்சாறா, மதுவா என்று அது காட்டிக்கொடுப்பதில்லை. என் தாயார் போன்றவர்களுக்கோ அந்த மௌனமே வசதி.

பாதிரிமார் கொடி நட்ட சேலம் மாவட்டத்தில்தான் 1937-இல் ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலாகத் தொடங்கினார். அந்த விலக்கு பிற்காலத்தில் தளர்ந்தது. பெருகியதோ காய்ச்சி வடித்த சாராய வகை. திராட்சைப் பந்தலுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. மராட்டியமோ 2001-இல் திராட்சை மதுத் தொழிலுக்கென்றே தனிக்கொள்கை வகுத்தது; நாசிக் அதனால் பெயர் பெற்றது. கருநாடகத்தில் 'பெங்களூர் ப்ளூ' என்ற திராட்சைக்கு மது ஆலைகள் நெடுங்காலமாகப் புகலிடம் தந்துவருகின்றன. கம்பத்திலும் அரசு ஆலை வேண்டும் என்ற கோரிக்கை தேர்தல்தோறும் எழுந்து தேர்தலோடு அடங்குகிறது.

ஆலை வந்துவிட்டால் எல்லாம் சீராகிவிடும் என்று நான் நம்பவில்லை. மதுவுக்கு வாங்குபவன் உண்ணும் பழத்தின் விலையைத் தரமாட்டான். ஆனால் மழை பெய்த வாரத்தில் குப்பைக்குப் போகும் குலைக்குக் குறைந்த விலையேனும் உண்டு என்றிருந்தால், உழவன் அடுத்த கவாத்துக்குக் கூலி கொடுக்கத் துணிவான். எனக்கு இது ஏட்டில் படித்துத் தெரிந்ததன்று. எங்கள் வீட்டிலேயே நடந்த ஒரு சிறு சோதனையால் தெரிந்தது.

சென்ற ஆண்டு ஐப்பசியில் ஊருக்குப் போயிருந்தேன். திரும்பும்போது மாமா ஒரு கூடை பழத்தை ரயிலில் ஏற்றிவிட்டார். கம்பத்திலிருந்து மதுரை, சென்னை, பிறகு வங்காளம். ஏறக்குறைய மூன்று நாள். பாலிகஞ்சில் கூடையைத் திறந்தபோது மணம் அப்படியே இருந்தது. பழம்தான் அப்படியே இல்லை. மூன்றில் ஒரு பங்கு காம்பை விட்டு உதிர்ந்து கசிந்து கிடந்தது. நல்ல குலைகளை என் மகள் விதையைத் துப்பிக்கொண்டே தின்று தீர்த்தாள். உதிர்ந்தவற்றை எறிய என் தாயாருக்கு மனம் வரவில்லை. தம்பி வளர்த்த பழமாயிற்றே!

கீழ்த்தளத்தில் ஓர் ஆங்கிலோ-இந்திய மூதாட்டி இருக்கிறார். போ பாரக்ஸ் பகுதியில் வளர்ந்தவர். அங்கே கிறிஸ்துமஸ் நெருங்கினால் வீட்டுக்கு வீடு திராட்சை மது ஊறும் என்பது கொல்கத்தாவாசிகள் அறிந்ததே. என் தாயார் அந்த உதிர்ந்த பழங்களை ஒரு தூக்கில் போட்டு அவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். எதற்குக் கொடுக்கிறோம் என்பது தமக்குத் தெரியாது என்பதுபோல் இருந்துவிட்டார். மூதாட்டி பழங்களைக் கழுவி, பீங்கான் ஜாடியில் நசுக்கி, சர்க்கரையும் ஈஸ்டும் ஒரு பிடி கோதுமையும் சேர்த்து, நாள்தோறும் மரக்கரண்டியால் கிளறி, 21-ஆம் நாள் வடிகட்டினார். அந்த மூன்று வாரமும் மாடிப்படியில் ஏறும்போதெல்லாம் பன்னீர்ச் செம்பின் வாசம் வந்துகொண்டிருந்தது. திருமண மண்டபத்து வாசலில் நிற்பதுபோல் இருந்தது எனக்கு.

கிறிஸ்துமஸ் அன்று ஒரு சிறு சீசா எங்கள் வீட்டுக்கு வந்தது. கடையில் வாங்கும் பழத்தில் அவர் செய்யும் மது கருஞ்சிவப்பாக இருக்கும். இதுவோ மாதுளைச் சாற்றில் நீர் கலந்தாற்போல் வெளிறியிருந்தது. நான் ஒரு தேக்கரண்டி அளவு சுவைத்தேன். தித்திப்பு, சிறு புளிப்பு, முடிவில் லேசான கசப்பு. எல்லாவற்றுக்கும் மேலே அந்த மணம். என் தாயார் சீசாவின் மூடியைத் திறந்து முகர்ந்தார். நெடுநேரம் முகர்ந்தார். பிறகு, "அடுப்படிப் பக்கம் வைக்காதே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் மூதாட்டி மாடியேறி வந்து, அடுத்த ஆண்டுக்கு அந்தப் பழம் பத்துக் கிலோ கிடைக்குமா, போ பாரக்ஸில் இருக்கும் தம் உறவினரும் கேட்கிறார்கள் என்றார். நான் தொலைபேசியில் மாமாவிடம் சொன்னேன். அவர் உரக்கச் சிரித்தார். "நல்ல பழமா, உதிர்ந்ததா?" என்று கேட்டார். உதிர்ந்ததே போதும் என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. ஓர் ஏக்கரில் பாதியைச் சென்ற மாதமே பிரித்துவிட்டதாகவும், மிச்சமிருக்கும் அரை ஏக்கர்ப் பந்தலுக்குத் தை மாதக் கவாத்துக்கு ஆள் பேசியிருப்பதாகவும் பிறகு சொன்னார்.